பொய்யின் கீழே கையெழுத்து இருக்கிறது, வழக்கு எங்கே? அமெரிக்க அட்டர்னி ஜெனரலுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க அட்டர்னி ஜெனரல் அவர்களுக்கும், நாடெங்கும் அவர் பெயரில் வழக்கு நடத்தும் 93 அரசு வழக்கறிஞர்களுக்கும்,

2017 நிதியாண்டில் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனையில் ஏறத்தாழ 1,12,000 துப்பாக்கி விற்பனைகள் மறுக்கப்பட்டன. துப்பாக்கிச் சட்டங்களை அமல்படுத்தும் ஏ.டி.எஃப். அவற்றுள் ஏறத்தாழ 12,700-ஐத் தன் களப்பிரிவுகளுக்கு விசாரிக்க அனுப்பியது. 2018 ஜூன் வரை உங்கள் அலுவலகங்கள் அவற்றில் தொடுத்த வழக்குகள் 12. எண்ணில் அச்சுப்பிழை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் ஜி.ஏ.ஓ. அலுவலகம் 2018 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் இருப்பது இது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு உங்கள் துறையின் சொந்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் பார்த்த கணக்கும் இதே கதையைத்தான் சொன்னது: 2008 முதல் 2015 வரை எட்டு ஆண்டுகளில் வழக்குக்காக உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள் 558 பேர், நீங்கள் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது 254 பேரை.

மறுக்கப்பட்ட எல்லோரும் வேண்டுமென்றே பொய் சொன்னவர்கள் அல்லர். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் லட்சத்துக்கு மேல் மறுத்துவிட்டு 12 வழக்கு போடுவதைத் தேர்ந்தெடுத்த நடவடிக்கை என்று யாரும் சொல்ல முடியாது. கைவிட்டுவிட்டீர்கள் என்றுதான் சொல்ல முடியும். இந்த நாட்டில் வாழும் தமிழர்களும் அந்தப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த சில விவரங்கள் அவர்களுக்காக இங்கே மறுபடி வரும்.

உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி கேட்பவர் முன்னால் வைக்கப்படுவது 4473 என்ற எண்ணுள்ள படிவம். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு வந்தது. முதல் பகுதியைக் கடைக்காரர் நிரப்புகிறார்: தயாரித்த நிறுவனம், மாடல், வரிசை எண், வகை, தோட்டா அளவு. அடுத்த பகுதி வாங்குபவருடையது. பெயர், முகவரி, பிறந்த ஊர், உயரம், எடை, பிறந்த தேதி. சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயமில்லை. கொடுத்தால் வேறொருவரோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க உதவும் என்று படிவமே சொல்கிறது. அதன் பின் வருகிறது 21-ஆவது கேள்வி, உட்பிரிவு உட்பிரிவாக. ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு சிறு கட்டங்கள். இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? உங்கள் மீது பெருங்குற்ற வழக்கு நிலுவையில் இருக்கிறதா? ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் எப்போதாவது தண்டிக்கப்பட்டீர்களா? துணையையோ குழந்தையையோ தொல்லை செய்யவோ பின்தொடரவோ மிரட்டவோ கூடாது என்ற நீதிமன்ற ஆணை, அதாவது பாதுகாப்பு ஆணை, உங்கள் மீது இருக்கிறதா? குடும்ப வன்முறைக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டீர்களா? கடைசியில், பதில்கள் உண்மை, சரி, முழுமை என்ற உறுதிமொழி. தெரிந்தே பொய் சொன்னால் அது பெருங்குற்றம் என்ற எச்சரிக்கை. அதன் கீழே கையெழுத்து, தேதி.

கடை ஊழியர் புகைப்பட அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, அதன் எண்ணைப் படிவத்தில் எழுதுகிறார். பிறகு ‘நிக்ஸ்’ எனப்படும் சோதனை மையத்தைக் கேட்கிறார். 1993-இல் இயற்றிய பிரேடி சட்டத்தின்படி 1998 நவம்பர் 30 முதல் இயங்கும் அமைப்பு இது. மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க்கில் எஃப்.பி.ஐ. நடத்துகிறது. சில மாநிலங்களில் மாநிலக் காவல்துறையே இந்தச் சோதனையைச் செய்கிறது. பதில் மூன்றில் ஒன்று: விற்கலாம், காத்திருங்கள், மறுக்கப்பட்டது. மறுப்புக்குக் காரணம் கடைக்காரருக்குச் சொல்லப்படுவதில்லை. அவர் சோதனை எண்ணைப் படிவத்தில் குறித்துக்கொண்டு, மேல்முறையீடு செய்யலாம் என்ற தாளை வந்தவரிடம் கொடுக்கிறார். வந்தவர் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார்.

வெளியில் இருப்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. தடைக் கேள்விகளில் ஒன்றுக்கு ஒருவர் உண்மையாக ‘ஆம்’ என்று குறித்தால் கடைக்காரர் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்; சோதனை மையத்துக்கு அழைப்பே போகாது. அழைப்பு போயிருக்கிறது என்றால் வந்தவர் ‘இல்லை’ என்று குறித்திருக்கிறார் என்று பொருள். பெயர் ஒற்றுமையால் வந்த தவறுகளையும், மாநிலச் சட்டம் மட்டும் தடுத்தவர்களையும் ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். மீதி ஒவ்வொரு மறுப்புக்கும் அடியில் உண்மைக்கு மாறான ஒரு பதில் கிடக்கிறது. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது மட்டுமே மிச்சக் கேள்வி.

அப்படியானால் வழக்கறிஞர் கையில் என்ன இருக்கிறது? திருட்டு வழக்கில் திருடன் யார் என்று தேட வேண்டும். இங்கே குற்றம் செய்தவர் தன் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். படத்தோடு அட்டையைக் காட்டியிருக்கிறார். சாட்சியின் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதியிருக்கிறார். இதற்கு 922(ஏ)(6) பிரிவில் 10 ஆண்டு வரை, 924(ஏ)(1)(ஏ) பிரிவில் 5 ஆண்டு வரை சிறை என்று சட்டமும் தயாராக இருக்கிறது.

வழக்குப் போடாததற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் பல ஆண்டுகளாக அறிக்கைகளில் பதிவானவை. இவை காகிதக் குற்றங்கள், துப்பாக்கி கைமாறவே இல்லை, ஜூரிக்கு உறைக்காது. முதல் தடவை சிக்கியவருக்குத் தண்டனையும் குறைவு. அந்த நேரத்தில் துப்பாக்கிச் சூட்டு வழக்கு ஒன்றை நடத்தலாம். ஏ.டி.எஃப். ஏஜென்ட்களின் எண்ணிக்கையும் போதாது. இவற்றில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. சுடப்பட்டவரின் வழக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் படிவத்தைத் துரத்துங்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாமே மறுக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய் அமைதியாக இருந்துவிடுவார் என்ற எண்ணத்தில் நிற்கின்றன. அந்த எண்ணம் எங்கே தவறிப்போனது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

டெக்சஸில் ஒருவர் 2014-இல் துப்பாக்கி வாங்க முயன்றார். மனநலம் தொடர்பான நீதிமன்ற முடிவால் சோதனையில் மறுக்கப்பட்டார். வழக்கு வரவில்லை. பின்னர் சோதனையே தேவைப்படாத தனியார் விற்பனையில் ஒரு ரைஃபிள் வாங்கினார். 2019 ஆகஸ்ட் 31 அன்று மிட்லண்ட், ஒடெஸ்ஸா நகரங்களில் ஏழு பேரைக் கொன்றார். உரிமமின்றி அந்த ரைஃபிளை விற்றவருக்கு 2021-இல் இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. சோதனை தன் வேலையைச் செய்தது. இந்த மனிதர் துப்பாக்கி தேடுகிறார் என்று 2014-லேயே அரசுக்குச் சொன்னது. கேட்டுக்கொண்டவர்கள்தான் அடுத்த அடியை எடுத்துவைக்கவில்லை.

அதே 2019-இல் பிப்ரவரி 15 அன்று இல்லினாய் மாநிலத்தின் அரோராவில் ஒரு தொழிற்கூடத்தில் ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் மிசிசிப்பியில் 1995-இல் பெருங்குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர். அதை மறைத்து 2014-இல், துப்பாக்கி வைத்திருக்க இல்லினாய் கேட்கும் மாநில அட்டையைப் பெற்றார், கைத்துப்பாக்கியும் வாங்கினார். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் கேட்டுக் கைரேகை கொடுத்தபோது பழைய தண்டனை வெளிவந்தது. அட்டையை ரத்து செய்து கடிதம் போனது. கடிதத்தின் பின்னால் ஆள் போகவில்லை. துப்பாக்கி ஐந்து ஆண்டு அவரிடமே இருந்தது.

இனி, சோதனையால் பிடிக்கவே முடியாத பொய். தடை உள்ளவருக்காகத் தடை இல்லாத ஒருவர் கடைக்குப் போய்த் தன் பெயரில் வாங்கித் தருவது. ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் தமிழில் ஒரே சொல்: பினாமி. பினாமியின் பின்னணி சுத்தமாக இருக்கும். அதற்காகத்தான் அவரை அனுப்புகிறார்கள். கணினி ‘விற்கலாம்’ என்றே சொல்லும். 21.ஏ கேள்வியில் ‘ஆம், நான்தான் வாங்குகிறேன்’ என்று குறிக்கும் அந்த ஒரு கட்டத்தில்தான் குற்றம் முழுவதும் இருக்கிறது. ஆகவே பினாமி வாங்குதலைத் தடுக்க வழக்கு பற்றிய அச்சத்தைத் தவிர வேறு கருவியே கிடையாது.

நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டரில் 2012 டிசம்பர் 24 விடியற்காலையில் ஒருவர் தீ வைத்துவிட்டு, அணைக்க வந்த தீயணைப்பு வீரர்களைக் காத்திருந்து சுட்டார். இருவர் இறந்தார்கள். சுட்டவர் தன் பாட்டியைக் கொன்று சிறை சென்று வந்தவர்; எந்தக் கடையும் அவருக்கு ஒரு தோட்டாகூட விற்க முடியாது. 2010 ஜூனில் அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் அவரோடு கடைக்குப் போய், தனக்கே வாங்குவதாகப் படிவத்தில் குறித்து, ஒரு ரைஃபிளும் ஒரு ஷாட்கன்னும் வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு 2014-இல் எட்டு ஆண்டு ஃபெடரல் சிறை. சட்டத்துக்கு வலிமை இருக்கிறது என்பதற்கு இந்தத் தீர்ப்பே போதும். இரண்டு பேர் செத்த பிறகே அந்த வலிமை வெளியே வந்தது என்பதுதான் என் புகார்.

உச்ச நீதிமன்றமும் உங்கள் பக்கம் இருக்கிறது. வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் பென்சில்வேனியாவில் இருக்கும் தன் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா முன்கூட்டியே 400 டாலர் காசோலை அனுப்பியிருந்தார். மாமாவுக்கும் தடை எதுவும் இல்லை. ஆனாலும் ‘நான்தான் வாங்குகிறேன்’ என்று எழுதியது விற்பனையின் சட்டத்தன்மையைத் தொடும் பொய்தான் என்று ஆப்ரம்ஸ்கி வழக்கில் 2014-இல் 5–4 என்று தீர்ப்பானது. சொந்தப் பணத்தில், தடையில்லாத மகளுக்கோ தம்பிக்கோ மெய்யான பரிசாக வாங்குவது குற்றமல்ல. படிவத்தின் குறிப்புகளே அதை விளக்குகின்றன. அடுத்தவர் பணத்தில் அடுத்தவருக்காக வாங்குவது குற்றம். 2022-இல் நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி போய், பினாமி வாங்குதலைத் தனிக் குற்றமாக்கி 15 ஆண்டு வரையும், பெருங்குற்றத்துக்கோ போதைக் கடத்தலுக்கோ பயன்படும் என்று தெரிந்திருந்தால் 25 ஆண்டு வரையும் தண்டனை வைத்தது. தண்டனை போதாது என்ற காரணம் இந்த வகைக்கு அன்றோடு முடிந்துவிட்டது.

கடைகளில் 2000 முதல் ‘மற்றவனுக்காகப் பொய் சொல்லாதே’ என்ற பிரசாரச் சுவரொட்டி தொங்குகிறது. ஏ.டி.எஃப்.பும் துப்பாக்கித் தொழிலின் சங்கமும் சேர்ந்து ஒட்டியது. பத்து ஆண்டு சிறை, இரண்டரை லட்சம் டாலர் அபராதம் என்று அதில் இருக்கிறது. கடைக்காரர்கள் இதே படிவத்தில் ஒரு கட்டத்தை விட்டுவிட்டாலோ தேதியை மாற்றி எழுதினாலோ ஆய்வில் அது அவர்கள் மீது மீறலாகப் பதிவாகிறது, உரிமமே போகலாம். அதே தாளின் மறுபாதியில் பொய் எழுதியவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இந்த அநீதியைக் கடைக்காரர்கள் உரத்துச் சொல்லும்போது துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒன்றாகத் தலையாட்டுகிறார்கள். இந்த நாட்டில் இப்படி ஒத்துப்போகும் விஷயங்கள் அதிகம் இல்லை.

இந்தப் படிவத்துக்காக நடந்த ஒரு வழக்கு மட்டும் உலகம் முழுவதும் பேசப்பட்டது. போதைப் பழக்கம் பற்றிய கேள்விக்குப் பொய்ப் பதில் எழுதியதற்காக அன்றைய அதிபரின் மகன் ஹன்டர் பைடனை 2024 ஜூனில் டெலவேரில் ஜூரி குற்றவாளி என்றது. டிசம்பரில் தந்தையே மன்னிப்பு வழங்கினார். வழக்கு சரியா, மன்னிப்பு சரியா என்பதற்குள் நான் போகவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை விட்டுவிட்டு எப்போதாவது ஒருவரைப் பிடித்தால், சட்டம் ஆளைப் பார்க்கிறது என்றுதான் இரு தரப்பும் நம்பும். யார் மீது வழக்கு வரும் என்ற விதியை முன்கூட்டியே எழுதி வெளியில் வைத்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

இப்போது, தெரியாமல் தவறாகக் குறித்தவர்கள். இவர்களைப் பொய்யர்களிடமிருந்து பிரிக்காமல் கண்டிப்பு காட்டச் சொன்னால் நான் எழுதுவது அநியாயமாகிவிடும். தண்டனை பற்றிய கேள்வி, ‘நீங்கள் சிறைக்குப் போனீர்களா’ என்று கேட்கவில்லை. ஓராண்டுக்கு மேல் நீதிபதி உங்களைச் சிறையில் அடைத்திருக்கக்கூடிய குற்றமா என்று கேட்கிறது. குறைந்த தண்டனையோ நன்னடத்தைக் கண்காணிப்போ மட்டுமே கிடைத்திருந்தாலும் பதில் ‘ஆம்’தான். இருபது ஆண்டுக்கு முன் ஒரு நாள்கூட உள்ளே இருக்காமல் வந்தவர், ‘அது சின்ன கேஸ்’ என்று நினைத்து ‘இல்லை’ என்று குறிப்பது நடக்கக்கூடியது. மாநிலச் சட்டம் சிறு குற்றம் என்று பெயரிட்டு, உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு அல்லது அதற்குக் கீழே வைத்திருந்தால் அது தடையாகாது. பென்சில்வேனியாவிலோ முதல் தரச் சிறு குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்பதால் அது தடையாகிவிடும். பெயரைப் பார்த்து முடிவுசெய்பவர் தவறத்தான் செய்வார். பதிவு அழிக்கப்பட்டது, உரிமை திரும்பக் கிடைத்தது என்று நம்புபவர்களும் உண்டு. அவர்களில் சிலர் நம்புவது சரியாகவும் இருக்கும்.

கஞ்சா இன்னொன்று. மாநிலம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டத்தில் அது குற்றமே என்று படிவத்தில் எச்சரிக்கை இருக்கிறது. இருந்தும் மாநில மருத்துவ அட்டை வைத்திருப்பவர் குழம்புகிறார். வன்முறைக் குற்றவாளியை விட்டுவிட்டு இவர்களை முதலில் பிடித்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

தமிழர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படிக்க வேண்டும். எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வாங்கச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. முக்கிய விலக்கு, ஏதேனும் ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது உள்ளவர்கூட விசா கேள்விக்கு ‘ஆம்’ என்றும், விலக்கு உண்டா என்ற அடுத்த கேள்விக்கு ‘ஆம்’ என்றும் குறித்து உரிமத்தைக் காட்ட வேண்டும். ‘சட்டப்படிதானே இருக்கிறேன்’ என்று முதல் கேள்விக்கே ‘இல்லை’ போட்டால் அது தவறான பதில். தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் அதோடு குடியேற்ற நிலையும் ஆட்டம் காணும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

தெரிந்து சொன்னதையும் தெரியாமல் சொன்னதையும் பிரிக்க மனத்தைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. அதற்கும் காகிதம் இருக்கிறது. பழைய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அன்று கையெழுத்திட்ட தாளைத் தேடுங்கள். பல நீதிமன்றங்களில் ‘இனி துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது’ என்ற வரி அதில் இருக்கும். அதன் எதிரில் அவர் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். நன்னடத்தைக் கண்காணிப்பில் சேர்ந்தபோது கொடுத்த நிபந்தனைத் தாளிலும் அதே வரி வரும். அந்த இனிஷியல் கிடைத்தால் ‘தெரியாது’ என்ற வாதம் எடுபடாது. கிடைக்காவிட்டால் வழக்கை விடுங்கள், எழுத்தில் எச்சரியுங்கள்.

வழக்குகள் அறுந்துபோகும் இடங்கள் எல்லாமே தாமதத்தில் பிறக்கின்றன. மறுப்புகள் கிளார்க்ஸ்பர்க்கிலிருந்து மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். பிரிவுக்குப் போகின்றன. அங்கே உங்கள் அலுவலகங்கள் கொடுத்த அளவுகோலை வைத்துச் சலித்து, மிஞ்சியவை களப்பிரிவுக்குப் போகின்றன. களத்தில் ஒரு ஏஜென்ட் கோப்பைத் திறப்பதற்குள் கடையின் கேமராப் பதிவு பழையதன் மேல் புதியது ஏறி அழிந்திருக்கும். ஊழியர் வேலை மாறியிருப்பார். கையில் இருப்பது குற்றப் பதிவின் அச்சுப்பிரதி மட்டும். அதில் கைது இருக்கும், வழக்கு என்ன ஆனது என்ற வரி காலியாக இருக்கும். சான்றளித்த தீர்ப்பு நகலை ஊர் நீதிமன்றத்திலிருந்து வரவழைக்க வேண்டும். பழையது என்றால் மைக்ரோஃபிலிமில் தேட வேண்டும். குடும்ப வன்முறை வழக்கில் தீர்ப்பு ‘சாதாரணத் தாக்குதல்’ என்று மட்டும் சொல்லும். அடிபட்டவர் மனைவியா, முன்னாள் துணையா என்பது போலீஸ் புகாரில்தான் இருக்கும். உறவு, குற்றத்தின் வரையறையிலேயே இருக்கத் தேவையில்லை, நிரூபித்தால் போதும் என்று 2009-இல் ஹேய்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆனால் அந்தப் புகார் நகலை யாராவது போய் எடுக்க வேண்டும். பாதுகாப்பு ஆணை என்றால், எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு தந்து விசாரித்துப் பிறப்பித்ததா, படிவத்தில் கையெழுத்திட்ட தேதியில் நடப்பில் இருந்ததா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். அந்தத் தடையே செல்லாது என்ற வாதத்தை 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் 8–1 என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இவை எல்லாம் ஒரு ஆள் சில நாளில் முடிக்கும் வேலை. ஓராண்டு கழித்துத் தொடங்கினால் முடியாத வேலை. ஐந்து ஆண்டு கழிந்தால் காலவரம்பே முடிந்துவிடும்.

துப்பாக்கி கையில் போய்விட்ட பிறகு வரும் மறுப்பு இதைவிட அவசரம். மூன்று வேலைநாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது சட்டம். சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 2015 ஜூன் 17 அன்று ஒன்பது பேரைக் கொன்றவர் துப்பாக்கி பெற்றது இந்த வழியில்தான். 2022 சட்டம் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் இதைப் பத்து வேலைநாள் வரை நீட்டியது. தாமதமாக மறுப்பு வந்தால் ஏ.டி.எஃப். போய்த் துப்பாக்கியைத் திரும்ப வாங்க வேண்டும். அதை அவர்கள் முன்னுரிமையாக வைத்திருக்கிறார்கள், அதற்குப் பாராட்டு. ஆனால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு படிவத்தின் பொய்யை அங்கேயே விட்டுவருவது வழக்கமாகிவிடக் கூடாது.

2018 மார்ச்சில் அன்றைய அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ் இந்தப் பொய்களுக்குக் கடுமையாக வழக்குப் போடும்படி எல்லா அரசு வழக்கறிஞர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். சுற்றறிக்கை எழுதியவரோடு போய்விடும். ஆகவே நான் கேட்பவை அடுத்தவர் வந்தாலும் நிற்க வேண்டியவை.

93 அலுவலகங்களுக்கும் பொதுவான ஓர் அளவுகோலை எழுத்தில் வெளியிடுங்கள். நான்கு வகையில் வழக்குப் போடுவதே விதியாகவும், விடுவது விலக்காகவும் இருக்கட்டும்: வன்முறைப் பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறைத் தண்டனையோ நடப்புப் பாதுகாப்பு ஆணையோ உள்ளவர், ஒருமுறை மறுக்கப்பட்டும் மறுபடி முயன்றவர், பினாமியும் பினாமியை அனுப்பியவரும். இவற்றில் ஒரு வழக்கை விட்டால் காரணத்தை எழுதி, மேலதிகாரி கையெழுத்திட வேண்டும்.

மார்ட்டின்ஸ்பர்க் பிரிவே, மறுப்பு வந்த இரண்டு வேலைநாளுக்குள், படிவத்தையும் கேமராப் பதிவையும் பாதுகாக்கும்படி கடைக்குக் கடிதம் அனுப்பட்டும். மேலே சொன்ன நான்கு வகையில் பதினான்கு நாளுக்குள் ஓர் அதிகாரி அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

மீதிப் பேருக்கு எச்சரிக்கை அறிவிப்பை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஏ.டி.எஃப். இதைச் சில இடங்களில் ஏற்கெனவே செய்கிறது. எல்லா இடத்திலும் செய்யட்டும். தவறுதலாகக் குறித்தவருக்கு அது தெளிவு தரும். மேல்முறையீட்டு வழியையும் அதே தாளில் காட்டுங்கள். மறுபடி பொய் சொல்பவருக்கு எதிராக, தெரிந்தே செய்தார் என்பதற்கு அந்தக் கையெழுத்தே சாட்சியாகும்.

2022 மார்ச்சில் வந்த சட்டம், ஒவ்வொரு மறுப்பையும் 24 மணி நேரத்துக்குள் மாநில, உள்ளூர்க் காவல்துறைக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தெரிவித்தலோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு உதவி வழக்கறிஞரை இதற்கென்று நியமியுங்கள். நீங்கள் எடுக்காத வழக்கை மாநிலம் எடுக்க, படிவமும் சோதனைப் பதிவும் அவர் கையிலிருந்து போகட்டும். பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் இந்தப் பொய் மாநிலச் சட்டத்திலேயே பெருங்குற்றம்; அங்கே மாநிலக் காவல்துறை விசாரிக்கவும் செய்கிறது.

பாதுகாப்பு ஆணை உள்ள ஒருவர் துப்பாக்கி வாங்கப் போய் மறுக்கப்பட்டால், அந்த ஆணையைப் பெற்ற பெண்ணுக்கு அன்றே சொல்லுங்கள். வாஷிங்டன் மாநிலம் 2017-இல் இதற்குச் சட்டமே இயற்றியது. அவளுடைய உயிர் பற்றிய தகவல் அது. அரசுக் கோப்பில் கிடப்பதால் யாருக்குப் பயன்?

தண்டனை பற்றிய கேள்வியை எளிய நடையில் திருத்தி எழுதும்படி ஏ.டி.எஃப்.புக்குச் சொல்லுங்கள்: ‘ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாவிட்டாலும்’ என்ற சொற்கள் கேள்வியிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, கணக்கை நாங்கள் தணிக்கை அறிக்கைகளில் தேடித் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டாம். ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் மாவட்டவாரியாக அட்டவணை வெளியிடுங்கள்: எத்தனை மறுப்பு, எத்தனை விசாரணை, எத்தனை எச்சரிக்கை, எத்தனை வழக்கு, திரும்ப வாங்கிய துப்பாக்கி எத்தனை, வாங்க எத்தனை நாள் ஆனது, விட்டுவிட்ட ஒவ்வொரு வகைக்கும் காரணம் என்ன. முதல் அட்டவணை வரும் அக்டோபர் 1 அன்று வர வேண்டும்.